பனிச்சறுக்குக்குக் கிளம்பும் முன்: வானிலையையும் பனி நிலவரத்தையும் படிப்பது எப்படி?

எந்தப் பனிச்சறுக்குத் தளத்தின் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய எண்தான்: "உச்சியில் 160 செ.மீ." புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் போகும் நாளை முடிவு செய்கிறார்கள். ஆனால் ஸ்கீக்கு அடியில் என்ன கிடைக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. விழுந்த பனிக்கு அதன் பிறகு என்ன நேர்ந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெயில் பட்டதா, மழை நனைத்ததா, காற்று வாரிக்கொண்டு போனதா, இரவில் இறுகியதா? ஒன்றரை மீட்டர் பனி கிடந்தும் மேற்பரப்பு பாளமாக இறுகி, ஸ்கீயின் விளிம்பு பிடிக்காத காலைகள் உண்டு. அரை மீட்டரே இருந்தும் நாள் முழுக்க நிம்மதியாகச் சறுக்கும் நாட்களும் உண்டு.

இதைக் கணிக்க வானிலை அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

போனில் இருக்கும் வானிலைச் செயலியில் ஊர்ப் பெயரைப் போட்டால், அது காட்டுவது அடிவாரத்து ஊரின் வானிலை. நீங்கள் சறுக்கப் போவதோ அதற்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே. அதனால் தளத்தின் வரைபடத்தைப் பார்த்து மூன்று உயரங்களை எழுதி வையுங்கள்: அடிவாரம், நடுநிலையம், உச்சி. இனி பார்க்கப்போகும் எல்லாக் கணிப்பையும் இந்த மூன்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

மேலே போகப் போக வெப்பநிலை சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். 1,200 மீட்டரில் இருக்கும் ஊரில் 3 டிகிரி என்றால், 2,600 மீட்டர் உச்சியில் சுமார் மைனஸ் 6. கீழே குடை பிடித்து நடக்கிறார்கள், மேலே பனி கொட்டுகிறது என்பது இப்படித்தான் நடக்கிறது. அடிவாரத்தில் மழை என்ற ஒரே காரணத்துக்காகப் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மேகமும் காற்றும் இல்லாத குளிர்கால இரவுகளில் கனமான குளிர்காற்று சரிந்து பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். அப்போது கணக்கு தலைகீழாகும். கீழே மைனஸ் 10, மூட்டம். மேலே மைனஸ் 2, பளிச்சென்ற வெயில். ஊரில் மூட்டமாக இருக்கிறதே என்று அறையிலேயே இருந்துவிட்டால் அருமையான நாள் ஒன்று கைநழுவிப் போகும். உச்சியின் வெப்கேமைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

உலகம் முழுவதற்கும் ஓடும் கணினி மாதிரிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அவற்றில் மிகவும் மதிக்கப்படுவது ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி. அதன் கட்டமே சுமார் 9 கி.மீ. அகலம். அந்த அகலத்தில் ஒரு சிகரமும் பள்ளத்தாக்கும் சேர்ந்து சராசரியாகிவிடும். ஆகவே, உயரவாரியாகக் கணிப்பு தரும் மலை வானிலை அறிக்கை கிடைத்தால் பொதுச் செயலியை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

அடுத்து, உறைநிலை உயரம்

மலைக் கணிப்பில் ஒரே ஒரு வரியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், நான் இந்த வரியைத்தான் படிப்பேன். காற்றின் வெப்பநிலை 0 டிகிரியைத் தொடும் உயரம் இது. பனிச்செதில்கள் உருகுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், பனி பொதுவாக அதற்கு 200 முதல் 300 மீட்டர் கீழே வரை பனியாகவே விழும். உறைநிலை 2,000 மீட்டர் என்றால், ஏறக்குறைய 1,750 வரை பனி, அதற்குக் கீழே மழை. பொழிவு பலமாகவும் விடாமலும் இருந்தால் இந்தக் கோடு இன்னும் கீழே இறங்கும். ஏனென்றால் உருகும் பனி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

அந்த எண் நேரம் செல்லச் செல்ல எந்தத் திசையில் நகர்கிறது என்பதையும் பாருங்கள். மதியம் 2,300, நள்ளிரவில் 1,200 என்று இறங்கினால் நல்லது. முதலில் ஈரப் பனி விழுந்து அடியில் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் உலர்ந்த இலகுவான பனி படியும். சறுக்குவதற்கு இதைவிடச் சிறந்த அடுக்கு கிடையாது. எண் ஏறினால் கதை வேறு. இலகுவான பனியின் மேல் கனமான ஈரப் பனி உட்காரும். சறுக்கும்போது ஸ்கீ அதில் மாட்டிக்கொண்டு இழுக்கும், பனிச்சரிவு அபாயமும் கூடும்.

எல்லாவற்றிலும் மோசமானது, பனியின் மேல் மழை பெய்து, பிறகு வானம் தெளிந்து கடுங்குளிர் வருவது. நனைந்த பனி அப்படியே பாளமாக இறுகிவிடும். அதன்மேல் 5 செ.மீ. புதுப்பனி விழுந்தால் படத்துக்கு அழகாக இருக்கும், சறுக்கும்போது அடியில் இருக்கும் கடினம் தட்டிக்கொண்டே இருக்கும். இந்த வரிசை கடந்த நான்கைந்து நாட்களில் நடந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

எத்தனை சென்டிமீட்டர் விழும்?

சில கணிப்புகள் பனியைச் சொல்லாமல், பொழிவை மில்லிமீட்டரில் தரும். அது உருகிய நீரின் அளவு. தோராயமாக 1 மி.மீ. நீர் 1 செ.மீ. பனியாகும். உறைநிலையை ஒட்டிய ஈரப் பனி என்றால் பாதியளவுதான் தேறும். நல்ல குளிரில் ஒன்றரை, இரண்டு மடங்கு வரை போகும். மேகத்துக்குள் மைனஸ் 12 முதல் 18 டிகிரி வரை இருக்கும்போதுதான் ஆறு கிளைகள் விரிந்த நட்சத்திரப் படிகங்கள் வளர்கின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்று விழும்போது இடையில் நிறையக் காற்று தங்குவதால் குவியல் உயரமாகவும் பஞ்சாகவும் இருக்கும். ஆக 12 மி.மீ. என்ற ஒரே கணிப்பு 6 செ.மீ. சேறாகவும் வரலாம், 24 செ.மீ. பவுடராகவும் (உலர்ந்த புதுப்பனி) வரலாம். பக்கத்தில் இருக்கும் வெப்பநிலையைப் பார்க்காமல் இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

"10 முதல் 25 செ.மீ." என்று போட்டிருந்தால் 10-ஐ நம்பித் திட்டமிடுங்கள். கூடுதலாக விழுந்தால் மகிழ்ச்சிதானே.

எவ்வளவு நாள் முன்னால் நம்பலாம்? மூன்று நாள் வரை நன்றாகவே நம்பலாம். ஐந்து முதல் ஏழு நாள் வரை, ஒரு புயல் வருகிறது, குளிர் திரும்புகிறது என்ற போக்கை நம்பலாம், எண்ணை நம்பக் கூடாது. பத்து நாளுக்கு மேல் சொல்லும் சென்டிமீட்டரை வைத்து எதையும் பதிவு செய்யாதீர்கள். இந்த நிச்சயமின்மையை அளக்கவே வானிலை மையங்கள் ஒரே கணிப்பைத் தொடக்க நிலைகளைச் சற்று மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டுகின்றன. ஐரோப்பிய மையம் இப்படி 51 முறை ஓட்டுகிறது. அத்தனையும் ஏறக்குறைய ஒரே விடை தந்தால் தைரியமாகக் கிளம்பலாம், ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பொறுத்திருக்க வேண்டும். அந்த வரைபடங்களைப் பார்க்கப் பழக்கமில்லை என்றாலும் பரவாயில்லை, எளிய வழி ஒன்று இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே கணிப்பைப் பாருங்கள். திங்கள் 40, செவ்வாய் 5, புதன் 25 என்று குதித்தால் அது இன்னும் தெளியவில்லை. 20, 22, 18 என்று நின்றால் வரும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

காற்றை அலட்சியம் செய்யாதீர்கள்

புதியவர்கள் பனியளவைப் பார்க்கிறார்கள், வெயில் படத்தைப் பார்க்கிறார்கள், காற்று வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கணக்கில் ஒரு நாளைக் கெடுப்பதில் பனிக்குறைவைவிடக் காற்றுக்கே பங்கு அதிகம்.

முதலாவது, உங்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்ட். மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டும்போது உயரமான, திறந்த இடத்து சேர்லிஃப்ட்டுகளும் (கம்பியில் தொங்கும் இருக்கைகள்) கோண்டோலாக்களும் (மூடிய பெட்டிகள்) வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 60, 70 என்று வந்தால் பலவும் நின்றுவிடும். திட்டமான எல்லை ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் மாறும். கம்பிக்குக் குறுக்காக அடிக்கும் காற்று, கம்பியோடு சேர்ந்து அடிக்கும் காற்றைவிட மோசம். கணிப்பில் சராசரி வேகம், திடீர் வீச்சின் வேகம் என்று இரண்டு எண்கள் இருக்கும். லிஃப்ட்டை நிறுத்துவது இரண்டாவது எண். சில கணிப்புகள் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று தரும், அதை 3.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உடம்புக் குளிர். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 18. 40 கி.மீ. அடித்தால் மைனஸ் 21. இது நின்றுகொண்டிருப்பவருக்கான கணக்கு. நீங்கள் சறுக்கும் வேகமும் அதோடு சேரும். மூக்கு நுனியும் கன்னமும் வெளுத்து மரத்துப்போனால் உடனே உள்ளே போய்விட வேண்டும், இன்னொரு சுற்று என்ற பேச்சே கூடாது.

மூன்றாவது, பனியை இடம் மாற்றுவது. உலர்ந்த புதுப்பனியை மணிக்கு 25, 30 கி.மீ. காற்றே நகர்த்தத் தொடங்கிவிடும். காற்று எதிர்ப்படும் பக்கம் சுரண்டப்பட்டு வெறும் கெட்டித் தளம் மிஞ்சும். மறுபக்கச் சரிவில் அந்தப் பனியெல்லாம் போய்க் குவியும். அதனால்தான் "20 செ.மீ. விழுந்தது" என்ற அதே காலையில் ஒரு பாதையில் ஒன்றுமே இல்லாமலும், பக்கத்துப் பாதையில் முழங்கால் வரையும் இருக்கிறது. மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது, ஆகவே கிழக்குச் சரிவுகளில் தேடுங்கள். அப்படிக் குவிந்த பனி பலகை போலச் சேர்ந்து இறுகியிருந்தால், குறிக்கப்பட்ட பாதைகளுக்கு வெளியே அதுதான் மிக ஆபத்தானது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காற்றின் திசை, பனி எங்கே விழும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஈரக்காற்று மலையில் மோதி ஏறும்போது குளிர்ந்து பொழிகிறது, மறுபக்கம் இறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடுகிறது. ஆல்ப்ஸ் மலையில் ஃபோன் என்றும் ராக்கி மலைகளின் கிழக்கே சினூக் என்றும் சொல்லும் அந்த வெப்பக்காற்று சில மணி நேரத்தில் பனியைக் கரைத்துவிடும். ஜப்பானின் ஹொக்கைடோவில் நேர்மாறு. சைபீரியாவிலிருந்து வரும் கடுங்குளிர் காற்று, ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பான ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேற்குச் சரிவுகளில் நாள் கணக்கில் உலர்பனியாகக் கொட்டுகிறது. நீங்கள் போகும் தளத்துக்கு எந்தத் திசைக் காற்று பனி கொண்டுவரும் என்று லிஃப்ட்டில் வேலை செய்பவரிடம் கேளுங்கள். எந்தச் செயலியும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

பனி நிலவர அறிக்கையை உடைத்துப் பார்ப்போம்

ஒரு மாதிரி அறிக்கை: "அடிவாரம் 45 செ.மீ., உச்சி 160 செ.மீ. கடந்த 24 மணி நேரத்தில் 2, 48 மணி நேரத்தில் 3, ஏழு நாட்களில் 38. மேற்பரப்பு: ஹார்ட்பேக் (கெட்டியாக இறுகிய பனி). திறந்த பாதைகள் 31, மொத்தம் 48."

ஏழு நாளில் 38 என்பதுதான் முதலில் கண்ணை ஈர்க்கும். ஆனால் அதில் 35 விழுந்து இரண்டு நாளுக்கு மேலாகிவிட்டது. இடைப்பட்ட நாட்களின் வெப்பநிலையைத் தேடிப் பாருங்கள். பகலில் பிளஸ் 4, இரவில் மைனஸ் 8 என்று இருந்திருந்தால் அந்த 35 செ.மீ. உருகி இறுகிவிட்டது, மேலே 2 செ.மீ. தூவலாகக் கிடக்கிறது. மேற்பரப்பு ஹார்ட்பேக் என்று அவர்களே சொல்வதும் அதோடு ஒத்துப்போகிறது. இதுவே நாள் முழுக்க மைனஸ் 5-க்குக் கீழேயே இருந்து காற்றும் இல்லாமல் இருந்திருந்தால், நிழலான சரிவுகளில் இன்னும் மென்மையான பனி மிச்சமிருக்கும்.

இன்னொன்று, விழுந்த அளவுகளைக் கூட்டி ஆழத்தைக் கண்டுபிடிக்க முடியாது. புதுப்பனி தன் எடையிலேயே அமுங்கும். இன்று 30 செ.மீ. விழுந்தால் நாளை 20 செ.மீ. அளவுக்கே நிற்கலாம். யாரும் ஏமாற்றவில்லை, பனியின் இயல்பே அதுதான்.

அளந்த நேரத்தையும் பாருங்கள். பெரும்பாலும் விடியற்காலையில் ஒரு பலகையிலோ அளவுகோலிலோ அளந்து, பிறகு பலகையைத் துடைத்துவிடுவார்கள். அதன் பிறகு விழுந்தது அன்றைய அறிக்கையில் இருக்காது. பனி எந்த நேரத்தில் விழுந்தது என்பதும் முக்கியம். சமன்செய்யும் எந்திரங்கள் இரவில் ஓடும். பனி இரவு பத்து மணிக்கு நின்றிருந்தால் காலையில் பாதை வரிவரியாகச் சீராக இருக்கும். நாலு மணிக்குத்தான் தொடங்கியது என்றால் சமன்செய்த தளத்தின் மேல் புதுப்பனி அப்படியே கிடக்கும்.

அடிவாரத்து 45 செ.மீ. பெரும்பாலும் எந்திரப் பனியாக இருக்கலாம். அது இயற்கைப் பனியைவிட அடர்த்தியானது, சீக்கிரம் உருகாது, கெட்டியாக இருக்கும். அதை உற்பத்தி செய்யக் குளிர் மட்டும் போதாது, காற்றும் வறண்டிருக்க வேண்டும். ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 2, 3 டிகிரிக்குக் கீழே போனால்தான் பனியை வீசும் பீரங்கிகள் நன்றாக வேலை செய்யும்.

மேற்பரப்பு பற்றிய சொற்களில் புதியவர்களுக்கு வேண்டியது சில மட்டுமே. பவுடர் என்றால் தொடாத உலர்ந்த புதுப்பனி. பேக்டு பவுடர், அதை எந்திரமோ ஸ்கீகளோ அழுத்தியது. கற்றுக்கொள்ள இதுதான் உத்தமம். ஹார்ட்பேக் என்றால் கெட்டி, விளிம்பு கூராக இருக்க வேண்டும். ஸ்லஷ் என்றால் நீரூறிய பனி, முழங்காலுக்கு வேலை.

புதுப்பனி 30 செ.மீ. என்று கேட்டதும் துள்ளிக் குதிக்காதீர்கள் என்பேன். முதல் சில நாட்களில் சறுக்குபவருக்கு ஆழமான பவுடர் உதவாது. ஸ்கீ புதையும், திருப்ப வராது, விழுந்தால் எழுவதற்குள் மூச்சு வாங்கும், கழன்ற ஸ்கீயைத் தோண்டித் தேட வேண்டியிருக்கும். உங்களுக்கான நாள் அதற்கு அடுத்த நாள்: பனி நின்று, எந்திரம் ஓடி, இரவு குளிர்ந்து, காலையில் வெயிலும் மணிக்கு 20 கி.மீ.க்குக் குறைந்த காற்றும்.

ஒரே நாளுக்குள் பனி மாறும்

பருவத்தின் பின்பாதியில் இதுதான் முக்கியம். பகலில் உருகி இரவில் இறுகும் சுழற்சி சில நாள் நடந்தால், மேற்பரப்பு கல்லுப்பு போல மணிமணியாக மாறும். காலையில் அது சிமென்ட். வெயில் ஏறியதும் மேலே ஓரிரு சென்டிமீட்டர் இளகி அருமையாக ஓடும். மதியத்துக்கு மேல் ஆழமாக இளகிச் சேறாகிவிடும். அந்த இடைப்பட்ட இரண்டு மணி நேரத்தைப் பிடிப்பதுதான் வித்தை.

வட அரைக்கோளத்தில் கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. வடக்குச் சரிவில் பனி நெடுநாள் குளிர்ந்தே இருக்கும். நியூசிலாந்திலோ சிலியிலோ சறுக்கினால் வடக்கையும் தெற்கையும் மாற்றிக்கொள்ளுங்கள். வெயிலோடு சேர்ந்து நகர்வதாக உங்கள் வழியை வரைந்துகொள்ளலாம்.

இரவு மேகமூட்டமாக இருந்ததா என்றும் பாருங்கள். தெளிந்த வானத்தின் கீழ் பனி தன் வெப்பத்தை வெளியே விட்டு, காற்று 0-வுக்குச் சற்று மேலே இருந்தாலும் இறுகிவிடும். மேகம் மூடியிருந்தால் இறுகாது. அப்படிப்பட்ட நாளில் காலை எட்டு மணிக்கே சேறுதான், பனிச்சரிவு அபாயமும் சீக்கிரமே தொடங்கும்.

வெளிச்சம்

முழு மேகமூட்டத்தில் நிழலே விழாது. பள்ளமும் மேடும் ஒரே வெள்ளையாகத் தெரியும், நகர்கிறோமா நிற்கிறோமா என்பதே குழம்பும். கணிப்பில் மேகத்தின் அடிமட்டம் உங்கள் உச்சியைவிடத் தாழ்வாக இருந்தால் அன்று மரங்களுக்கு இடையே போகும் தாழ்ந்த பாதைகளைத் தேர்ந்தெடுங்கள். மரங்கள் இருந்தால் கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். அன்றைக்கு மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் கண்ணாடி, வெயிலுக்குக் கருங்கண்ணாடி. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

பனிச்சரிவு அறிக்கை

அபாயம் 1 முதல் 5 வரை: குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். 3 நடுவில் இருப்பதால் சராசரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு ஆளின் எடையே பனிச்சரிவைக் கிளப்பிவிடக்கூடிய நிலை அது. உயிரிழப்புகளில் பெரும்பங்கு நடப்பதும் அந்த நிலையில்தான். பலகை போல இறுகிய பனி பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்விலேயே கிளம்புகின்றன, அதாவது சறுக்கப் பிடித்தமான அதே சாய்வில். திறந்திருக்கும், குறியிட்ட பாதைகளைக் காவலர்கள் சோதித்துப் பாதுகாக்கிறார்கள். எல்லையைக் குறிக்கும் கயிற்றுக்கு வெளியே அந்தப் பாதுகாப்பு இல்லை. யாரோ போன தடம் இருப்பது அந்த இடம் பத்திரம் என்பதற்குச் சான்றே அல்ல. பயிற்சியும் கருவிகளும் அனுபவமுள்ள துணையும் இல்லாமல் கயிற்றைத் தாண்ட வேண்டாம். ஒரு பாதை மூடியிருக்கிறது என்றால் காரணம் தெரியாவிட்டாலும் மூடியதுதான்.

கிளம்பும் காலையில்

லிஃப்ட் நிலவரம், உச்சி வெப்கேம், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான காற்று, அவ்வளவுதான். வெப்கேமில் காட்சியை மட்டும் பார்க்காமல் ஓரத்தில் இருக்கும் நேரத்தையும் பாருங்கள், சில சமயம் அது நேற்றைய படமாக இருக்கும். கொடிகள் விறைத்து நிற்கின்றனவா, முகட்டிலிருந்து வெள்ளைப் புகையாகப் பனி பறக்கிறதா என்று கவனியுங்கள். புகை பறந்தால் மேலே பலத்த காற்று.

லிஃப்ட்டில் ஏறும்போது கீழே சறுக்குபவர்களின் சத்தத்தைக் கேளுங்கள். கரகரவென்று சுரண்டும் சத்தம் என்றால் கெட்டி. சத்தமே இல்லையென்றால் மென்மை. இறங்கியதும் ஒரு கைப்பிடிப் பனியை அழுத்துங்கள். உதிர்ந்தால் உலர்ந்தது, உருண்டையானால் ஈரம், நீர் சொட்டினால் அன்றைய நல்ல நேரம் முடிந்துகொண்டிருக்கிறது. முதல் சுற்றை எப்போதும் உங்கள் திறமைக்கு ஒரு படி கீழான பாதையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் ஒருமுறை மீண்டும் கணிப்பைப் பாருங்கள். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள். காற்று ஏறுகிறது என்று தெரிந்தால், நீங்கள் தங்கியிருக்கும் பக்கத்துக்குத் திரும்பக் கொண்டுவிடும் லிஃப்ட் எது, அது எத்தனை மணிக்கு மூடும் என்று பார்த்து அதற்கு ஒரு மணி நேரம் முன்பே அந்தப் பக்கம் வந்துவிடுங்கள். இணைப்பு லிஃப்ட் நின்றுபோனால் மலையைச் சுற்றிச் சாலை வழியாகத்தான் திரும்ப முடியும். அந்தச் சாலை சில இடங்களில் மணிக்கணக்கில் நீளும்.